வியர்வைக்கும் விலை உண்டு: பாலைவன விலங்குகளின் நீர்க்கணக்கு

ஒரு லிட்டர் தண்ணீர் தோலிலிருந்து ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தை உடலிலிருந்து வாங்கிக்கொண்டு போகிறது. காற்று உடலைவிடக் குளிர்ச்சியாக இருக்கும் இடத்தில் இந்தச் செலவு பெரும்பாலும் தேவைப்படாது. வெப்பம் தானாகவே வெளியேறிவிடும். காற்று 45 டிகிரி, உடல் 37 டிகிரி என்றால் வெப்பம் வெளியிலிருந்து உள்ளே பாயும். அப்போது உடலைக் குளிர்விக்க ஆவியாதலை விட்டால் வேறு வழி கிடையாது. பாலைவனத்தின் சிக்கல் முழுவதும் இதற்குள் அடங்கிவிடுகிறது: உடல் குளிர வேண்டுமானால் தண்ணீரைச் செலவழிக்க வேண்டும், தண்ணீரை மிச்சம் பிடிக்க வேண்டுமானால் சூட்டைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வெப்பத்துக்கு இன்னின்ன தகவமைப்பு, வறட்சிக்கு இன்னின்ன தகவமைப்பு என்று இரண்டு பட்டியல் போடுவது பாடநூல் வழக்கம். அப்படிப் படித்தால் பாதிதான் புரியும். ஒட்டகத்தின் மயிரும் எலியின் மூக்கும் மானின் கழுத்து ரத்தக் குழாயும் ஒரே கணக்குப் புத்தகத்தின் பக்கங்கள்.

கணக்கு தவறினால் என்ன ஆகும் என்பதை மனித உடலில் பார்ப்பது எளிது. கடும் வெயிலில் நடக்கும் ஒருவருக்கு மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் வியர்க்கும். உடல் எடையில் 10 சதவீத அளவுக்கு நீர் போய்விட்டால் நடை தள்ளாடும், பேச்சு குழறும். வெப்பத்தில் 12 சதவீதத்தைத் தாண்டினால் பிழைப்பது அரிது. வியர்வையாகப் போகும் நீரில் பெரும்பங்கு ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவிலிருந்து போவதே காரணம். ரத்தம் கெட்டிப்படுகிறது. கெட்டியான ரத்தத்தை இதயத்தால் தோல் வரைக்கும் போதிய வேகத்தில் தள்ள முடிவதில்லை. உள்ளே உண்டாகும் வெப்பம் வெளியேற வழியில்லாமல், அதுவரை 38, 39 என்று நின்றிருந்த உடல் வெப்பநிலை சடாரென்று எகிறுகிறது. உயிரைப் பறிப்பது கடைசியில் அந்தச் சூடுதான்.

உடல் சிறுத்தால் சிக்கல் பெருகும். நூறு கிராம் எலிக்கு அதன் எடையோடு ஒப்பிட்டால் தோல் பரப்பு மிக அதிகம். அதனால் வெயிலிலிருந்து ஏறும் சூடும் அதிகம். நண்பகலில் வெட்டவெளியில் நின்று வியர்த்தே சமாளிக்க அது முயன்றால் மணிக்கு உடல் எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் தண்ணீர் வேண்டியிருக்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. சிறிய பாலைவனப் பாலூட்டிகளில் பெரும்பாலானவை அந்த ஆட்டத்துக்கே போவதில்லை.

முப்பது சென்டிமீட்டர் ஆழம்

கோடை நண்பகலில் பாலைவன மணலின் மேற்பரப்பு 70 டிகிரியைத் தொடும். அதே மணல் விடியற்காலையில் 20 டிகிரிக்கு இறங்கியிருக்கும். ஐம்பது டிகிரி ஏற்ற இறக்கம். ஆனால் உலர்ந்த மணல் வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்தும். ஏழெட்டு சென்டிமீட்டர் இறங்குவதற்குள் அந்த ஏற்ற இறக்கம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். 30 சென்டிமீட்டரில் பகலுக்கும் இரவுக்கும் வித்தியாசம் ஒரு டிகிரி அளவுக்குத்தான் இருக்கும். ஒரு முழம்கூட இல்லாத அந்த ஆழத்துக்குத் தோண்டத் தெரிந்த விலங்கு, பகலின் கொடுமையை ஏறக்குறைய முழுதாகத் தட்டிக்கழித்துவிடுகிறது. கோடைக்கும் குளிர்காலத்துக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து தப்பிக்கத்தான் மீட்டர் கணக்கில் தோண்ட வேண்டும்.

வளையின் அடுத்த லாபம் ஈரம். வாயிலை மண்ணால் அடைத்துக்கொண்டு உள்ளே ஒரு விலங்கு மூச்சுவிட்டால், அந்த மூச்சின் ஈரம் அங்கேயே தங்கும். ஈரக்காற்றை இழுத்து ஈரக்காற்றை வெளியே விடும்போது நுரையீரல் இழக்கும் நீர் மிகக் குறைவு. வட அமெரிக்காவின் மொஹாவி பாலைவன ஆமை வாழ்நாளில் 95 சதவீதத்தை வளையில் கழிப்பதற்கு இதுதான் பொருள். மழை பெய்தால் வெளியே வந்து வயிறு முட்டக் குடிக்கும். அந்த நீரைச் சேர்த்துவைக்கும் இடம் அதன் சிறுநீர்ப்பை. உடல் எடையில் 40 சதவீதம் வரை அதில் கொள்ளும். வறட்சிக் காலத்தில் அங்கிருந்தே நீரைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். வழியில் காணும் ஆமையைக் கையில் தூக்கக் கூடாது என்று பாலைவனக் காப்பகங்களில் எச்சரிப்பது இதனால்தான். பயந்துபோன ஆமை பையைக் காலி செய்துவிடும். அடுத்த மழை பல மாதம் தள்ளி இருந்தால் அந்த ஒரு நொடி அதன் உயிரையே குடித்துவிடலாம்.

வளையைக் குளிர்பதன அறை போலப் பயன்படுத்தும் விலங்கும் உண்டு. அதே பாலைவனத்தின் தரை அணில் பகலில்தான் இரைதேடும். வெயிலில் ஓடியாடும்போது அதன் உடல் வெப்பநிலை 43 டிகிரி வரை ஏறும். அது வியர்த்துக் குளிர முயல்வதில்லை. சூடு எல்லையைத் தொட்டதும் வளைக்குள் ஓடி, குளிர்ந்த தரையில் வயிற்றை அப்பிப் படுத்துக்கொள்ளும். சில நிமிடங்களில் சூடு மண்ணுக்குப் போய்விடும். மறுபடி வெளியே. இப்படி நாள் முழுக்கப் பலமுறை. தண்ணீர் ஒரு சொட்டும் செலவாகாத குளிர்ச்சி இது.

ஒட்டகம்: திமிலைத் தவிர மற்றதெல்லாம் முக்கியம்

ஒட்டகத்தை வளைக்குள் திணிக்க முடியாது. 500 கிலோ உடலோடு வெட்டவெளியில் நின்றாக வேண்டும். அது எப்படிச் சமாளிக்கிறது என்பதை முதலில் முறையாக அளந்தவர்கள் உடலியல் ஆய்வாளர்களான க்னூட் ஷ்மிட்-நீல்சனும் போடில் ஷ்மிட்-நீல்சனும். 1953-54இல் அல்ஜீரியாவின் சஹாராப் பகுதியிலுள்ள பெனி அபெஸில் அவர்கள் செய்த அளவீடுகள்தான் இன்று நமக்குத் தெரிந்தவற்றின் அடித்தளம்.

திமிலை முதலில் முடித்துவிடுவோம். அதில் தண்ணீர் இல்லை, கொழுப்பு இருக்கிறது என்பது பலருக்குத் தெரியும். ‘ஆனால் கொழுப்பு எரியும்போது தண்ணீர் உண்டாகுமே’ என்பது அடுத்த வாதம். உண்மைதான், ஒரு கிராம் கொழுப்பு எரிந்தால் 1.07 கிராம் நீர் கிடைக்கும். இனி செலவுப் பக்கத்தைப் பாருங்கள். அந்த ஒரு கிராமை எரிக்க 2 லிட்டர் ஆக்சிஜன் வேண்டும். இழுக்கும் காற்றிலிருந்து நுரையீரல் எடுத்துக்கொள்வது ஏறத்தாழ 5 சதவீத அளவு ஆக்சிஜன்தான் என்று வைத்துக்கொண்டால், 40 லிட்டர் காற்றை உள்ளே இழுத்து வெளியே விட வேண்டும். 37 டிகிரியில் ஈரம் நிறைந்து வெளியேறும் மூச்சு, லிட்டருக்கு 44 மில்லிகிராம் நீரைக் கொண்டுபோகும். நாற்பது லிட்டருக்கு 1.7 கிராமுக்கு மேல். வரவு 1.07, செலவு 1.7. வறண்ட காற்றில் திமில் தண்ணீர்த் தொட்டியாக வேலை செய்ய முடியாது; அது சாப்பாட்டு மூட்டை. கொழுப்பை முதுகில் ஒரே இடத்தில் குவித்துவைத்திருப்பதில்தான் லாபம் இருக்கிறது. உடல் முழுதும் தோலுக்கடியில் கம்பளி போலப் பரவியிருந்தால் வெப்பம் வெளியேறுவது தடைபட்டிருக்கும்.

உண்மையான வித்தை உடல் வெப்பநிலையில் இருக்கிறது. தினமும் தண்ணீர் குடிக்கும் ஒட்டகத்தின் வெப்பநிலை நாளில் இரண்டு டிகிரி அளவுக்குத்தான் ஏறி இறங்கும். தண்ணீர் கிடைக்காதபோது அது பிடியை விட்டுக்கொடுக்கிறது. விடியலில் 34 டிகிரிக்கு இறங்கும். பிற்பகலில் 40-ஐத் தாண்டும் வரை வியர்க்காமல் சூட்டை உள்ளேயே தேக்கிவைக்கும். 500 கிலோ உடல் ஆறு டிகிரி சூடேறத் தேவை ஏறத்தாழ 2,400 கிலோ கலோரி. அதை வியர்வையால் வெளியேற்றியிருந்தால் நான்கு லிட்டருக்கு மேல் தண்ணீர் போயிருக்கும். ஒட்டகம் அந்தச் சூட்டை ராத்திரி வரை சுமந்து, குளிர்ந்த வானத்துக்குச் சும்மா கொடுத்துவிடுகிறது. இதில் இன்னொரு லாபமும் ஒளிந்திருக்கிறது. காற்று 45 டிகிரியில் இருக்கும்போது 34 டிகிரி உடலுக்குள் பாயும் வெப்பம் அதிகம். 40 டிகிரி உடலுக்குள் பாய்வது அதில் பாதிகூட இருக்காது. உடல் சூடாக இருப்பதே மேலும் சூடாவதைத் தடுக்கிறது.

முதுகு மயிர் அடுத்தது. வெயில் நேரத்தில் மயிரின் வெளிநுனி 70 டிகிரி வரை கொதிக்கும்போது அதன் அடியில் தோல் 40 டிகிரி அளவில்தான் இருக்கும். ஒட்டகத்தின் மயிரை மழித்துவிட்டு அளந்தபோது நீரிழப்பு பாதியளவு கூடியது. வெயிலில் கனத்த ஆடை எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுதான் விடை. வியர்வை மயிரின் நுனியில் காயாமல் தோலிலேயே காய்வதால், அது எடுத்துப்போகும் வெப்பம் வெளிக்காற்றிலிருந்து வராமல் உடலிலிருந்தே போகிறது. படுக்கும்போதும் ஒட்டகம் கணக்குப் பார்த்தே படுக்கும். வெயிலுக்கு முகம் கொடுத்து உட்கார்ந்தால் வெயில்படும் பரப்பு குறையும். மார்புக்கடியில் காய்த்துப்போன தடித்த மெத்தை உடலைத் தரையிலிருந்து சற்று உயர்த்திப் பிடிக்கும். அடிவயிற்றுக்குக் கீழே காற்று ஓடும்.

இத்தனைக்குப் பிறகும் நீர் குறையத்தான் செய்யும். ஒட்டகம் உடல் எடையில் 25 சதவீதம் இழந்தும் நடமாடும். மனிதரைப் போல ரத்தம் கெட்டிப்பட்டு விழாததற்குக் காரணம், இழக்கும் நீரில் பெரும்பங்கைத் திசுக்களிலிருந்தும் குடலிலிருந்தும் எடுத்து, பிளாஸ்மாவைக் கூடியவரை காப்பாற்றிவிடுவதுதான். சிவப்பணுக்கள் மற்ற பாலூட்டிகளைப் போல வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் இருப்பதால் ரத்தம் சற்றுக் கெட்டியானாலும் நுண்குழாய்களில் சிக்காமல் ஓடுகின்றன.

பிறகு தண்ணீர் கிடைக்கும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் நூறு லிட்டர் உள்ளே போய்விடும். வேறு விலங்காக இருந்தால் இது ஆபத்து. நீர்த்துப்போன ரத்தத்தில் சிவப்பணுக்கள் ஊதி வெடிக்கும். ஒட்டகத்தின் அணு தன் இயல்பான கொள்ளளவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஊதியும் உடையாது. தவிர, குடித்த நீர் மொத்தமாக ரத்தத்தில் கொட்டிவிடாமல் வயிற்றறைகளிலிருந்து நிதானமாகவே இறங்குகிறது. வெளியேறும் பக்கமும் இறுக்கம்தான். சிறுநீரில் போக வேண்டிய யூரியாவின் ஒரு பங்கு வயிற்றுக்கே திருப்பி அனுப்பப்படும். அங்குள்ள நுண்ணுயிரிகள் அதைப் புரதமாக்கும். புழுக்கை எவ்வளவு உலர்ந்து விழுமென்றால், அப்போதே பொறுக்கி அடுப்பெரிக்கலாம்.

தண்ணீரே குடிக்காத எலி

வட அமெரிக்கப் பாலைவனங்களின் கங்காரு எலிக்குக் குடிநீர் தேவையில்லை. காய்ந்த விதைகளைத் தின்றே ஆயுளைக் கழித்துவிடும். இது எப்படிச் சாத்தியம் என்பதையும் ஷ்மிட்-நீல்சன்கள் கணக்காகவே எழுதிவைத்தார்கள். 25 டிகிரி வெப்பம், 20 சதவீத ஈரப்பதம் உள்ள அறையில் ஓர் எலி 100 கிராம் உலர்ந்த வாற்கோதுமையைத் தின்று முடிக்க ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். அந்த ஒரு மாதத்தின் வரவு: தானியம் உடலில் எரிவதால் உண்டாகும் நீர் 54 கிராம், தானியத்திலேயே ஒட்டியிருந்த ஈரம் 6 கிராம். செலவு: சிறுநீர் 13.5 கிராம், புழுக்கை 2.6 கிராம், மூச்சிலும் தோலிலும் ஆவியாவது 43.9 கிராம். இரண்டு பக்கமும் 60.

இந்த எலி என்றாலே அதன் சிறுநீரகத்தைப் புகழ்வது வழக்கம். புகழுக்குத் தகுதி உள்ள உறுப்புதான். மனிதச் சிறுநீரின் உச்சச் செறிவு 1,200 மில்லி ஆஸ்மோல் (நீரில் கரைந்திருக்கும் பொருள்களின் செறிவை அளக்கும் அலகு) அளவில் நின்றுவிடும். கங்காரு எலியினது 5,500-ஐத் தொடும். சிறுநீரகத்துக்குள் கொண்டை ஊசி போல வளைந்து இறங்கி ஏறும் நுண்குழல்கள் இருக்கின்றன. ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் ஓடும் அந்தக் குழல்களின் நீளத்தைப் பொறுத்தே அடிப்பகுதியின் உப்புச் செறிவு ஏறும்; அந்தச் செறிவுதான் சிறுநீரிலிருந்து நீரைத் திரும்பப் பிடுங்குகிறது. ஆஸ்திரேலியாவின் தாவும் சுண்டெலி இந்தப் போட்டியில் எல்லாரையும் மிஞ்சி 9,000-ஐத் தாண்டுகிறது.

ஆனால் மேலே உள்ள கணக்கை மறுபடி பாருங்கள். பெரிய செலவு சிறுநீர் இல்லை, ஆவியாதல், அதிலும் முக்கியமாக மூச்சு. அறுபதில் ஏறத்தாழ நாற்பத்து நான்கு. எலியின் பிழைப்பை முடிவுசெய்யும் உறுப்பு மூக்கு என்றுதான் சொல்ல வேண்டும். அதன் மூக்கின் உள்வழி குறுகலானது, மடிப்பு மடிப்பானது. உலர்ந்த காற்று உள்ளே போகும்போது அந்தச் சுவர்களிலிருந்து ஈரத்தை எடுத்து அவற்றைக் குளிர்விக்கும். நுரையீரலிலிருந்து திரும்பும் வெதுவெதுப்பான ஈரக்காற்று அதே குளிர்ந்த சுவர்களில் பட்டு ஈரத்தை விட்டுவிட்டுப் போகும். 37 டிகிரியில் லிட்டருக்கு 44 மில்லிகிராம் நீரைச் சுமக்கும் மூச்சு, 25 டிகிரிக்குக் குளிர்ந்தால் 23 மில்லிகிராம்தான் சுமக்க முடியும். பாதி மிச்சம். ஒட்டகமும் இரவில் இந்த வேலையைச் செய்கிறது.

வரவுப் பக்கத்தையும் வளை கூட்டித்தருகிறது. விதையை வெளியே தின்னாமல், கன்னப் பையில் அடைத்துக் கொண்டுவந்து வளையில் சேர்த்துவைக்கும் எலிக்கு ஒரு லாபம் உண்டு. 75 சதவீத ஈரப்பதமுள்ள வளைக்காற்றில் கிடக்கும் தானியம் நூறு கிராமுக்கு 15 கிராம் வரை ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். எலி விட்ட மூச்சின் ஈரம் சாப்பாடாக அதனிடமே திரும்புகிறது.

இந்தக் கணக்கு எங்கே முறியும்? புரதத்தில். எலிக்கு வாற்கோதுமைக்குப் பதிலாக சோயா மொச்சை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். புரதம் அதிகமானால் யூரியா அதிகம். அதைக் கழுவித் தள்ளத் தண்ணீர் அதிகம். எலிகள் மெலிந்து செத்தன. அதே சோயாவோடு கடல்நீரைக் குடிக்கக் கொடுத்தபோது பிழைத்துக்கொண்டன! கடல்நீரைவிடச் செறிவான சிறுநீர் கழிக்கும் விலங்குக்குக் கடல்நீரிலும் லாபம் மிஞ்சும்.

பறவைகளும் பல்லிகளும் யூரியாச் செலவை வேறு விதமாகத் தவிர்க்கின்றன. அவற்றின் நைட்ரஜன் கழிவு யூரிக் அமிலமாக, வெள்ளைக் குழம்பாகப் போகிறது. அது நீரில் அவ்வளவாகக் கரையாது என்பதால் கூடவே நீரை இழுத்துப்போவதில்லை. உப்பைத் தள்ள பாலைவன இகுவானாவுக்கு மூக்கருகே தனிச் சுரப்பி இருக்கிறது. அதன் மூக்கு நுனியில் காய்ந்திருக்கும் வெள்ளைப் பொருக்கு அந்த உப்புதான்.

காற்றிலிருந்தும் மணலிலிருந்தும் குடிப்பது

ஆப்பிரிக்காவின் தென்மேற்குக் கரையிலுள்ள நமீப் பாலைவனத்தில் மழை அபூர்வம். ஆனால் கடலோரத்தில் ஓடும் குளிர்ந்த பெங்குவேலா நீரோட்டத்தால் மூடுபனி அடிக்கடி உள்ளே வரும். ஒனிமாக்ரிஸ் உங்குயிகுலாரிஸ் என்ற கறுப்பு வண்டு அந்த நேரத்தில் மணல்மேட்டின் உச்சிக்கு ஏறி, காற்றுக்கு எதிராகத் திரும்பி, தலையைக் கீழே தாழ்த்திப் பின்பகுதியைத் தூக்கி நிற்கும். முதுகில் படியும் பனித்துளிகள் உருண்டு வாய்க்கு வரும். 1976இல் வெளியான ஆய்வில் வண்டுகளைப் பனிக்கு முன்னும் பின்னும் எடைபோட்டார்கள். சராசரியாக 12 சதவீதம், அதிகபட்சம் 34 சதவீதம் எடை கூடியிருந்தது.

இந்த வண்டைப் பற்றி உலவும் ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். முதுகில் உள்ள நுண்ணிய மேடுபள்ளங்கள் பனியைப் பிடிக்கின்றன என்ற செய்தி 2001இல் பரவியது. அதைப் பார்த்துச் செயற்கைப் பரப்புகளும் செய்தார்கள். மேடுபள்ள முதுகுள்ள ஸ்டெனோகாரா வண்டுகளையும் வேறு சில இனங்களையும் 2010இல் செயற்கை மூடுபனியில் விட்டுப் பார்த்தபோது, தலைகீழாக நின்றது ஒனிமாக்ரிஸ் உங்குயிகுலாரிஸ் மட்டும்தான். அதன் முதுகில் அந்த மேடுபள்ளங்களே கிடையாது. நீரைப் பிடிப்பதில் தோலின் அமைப்பைவிட, எங்கே எப்போது எப்படி நிற்பது என்று தெரிந்திருப்பதே பெரிய பங்கு வகிக்கிறது. இதே பாலைவனத்தின் லெபிடோகோரா வண்டு மணலில் சிறு வாய்க்கால் போலக் கோடு கிழித்துவைத்து, அதன் கரைகளில் படியும் ஈரத்தைத் திரும்பி வரும்போது உறிஞ்சுகிறது.

ஆஸ்திரேலியாவின் முள் ஓணானுக்குத் தோலே உறிஞ்சுகுழல். செதில்களுக்கு நடுவே மயிரிழை போன்ற கால்வாய்கள் உடல் முழுதும் ஓடி வாயின் ஓரத்தில் முடிகின்றன. காலை நீரில் வைத்தால் போதும், நீர் தானாக மேலேறும். அந்தக் கால்வாய்கள் நிரம்பவே உடல் எடையில் ஏறத்தாழ 3 சதவீத நீர் வேண்டும். நிரம்பிய பிறகுதான் வாய்க்கு வரும். வெறும் பனித்துளி அதற்குப் போதாது. அதனால் ஓணான் ஈரமணலைத் தன் முதுகில் வாரிப் போட்டுக்கொள்கிறது. மணலின் ஈரம் கால்வாய்க்குள் இறங்கும்.

கென்யாவின் வறண்ட நிலத்தில் ஓரிக்ஸ் மான் மேயும் ஒரு புதர் பகலில் தொட்டால் பொடிந்துவிடும். இலையில் ஈரம் ஒரு சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும். இரவில் காற்று குளிர்ந்து ஈரப்பதம் கூடும்போது அதே இலை 40 சதவீதம் வரை ஈரம் ஏற்றிக்கொள்ளும். இரவில் மேய்ந்தால் சாப்பாட்டோடு தண்ணீரும் கிடைக்கும்.

காத்திருப்பதும் ஒரு வழிதான். வட அமெரிக்காவின் சோனோரா பாலைவனத்தில் வாழும் மண்வெட்டிக்கால் தவளை வருடத்தில் எட்டு முதல் பத்து மாதம் மண்ணுக்கடியில் கிடக்கும். அதை எழுப்புவது ஈரம் என்று நினைத்திருந்தார்கள். மழையும் இடியும் மண்ணில் எழுப்பும் தாழ்ந்த அதிர்வே போதும் என்று பிறகு தெரிந்தது. எழுந்த இரவிலேயே முட்டையிடும். குட்டை காய்வதற்குள் தலைப்பிரட்டைகள் தவளையாகிவிட வேண்டும். கூச்சின் மண்வெட்டிக்கால் தவளை என்ற இனத்தில் எட்டே நாளில்கூட அது நடந்துவிடுகிறது. ஏழாவது நாள் குட்டை வற்றினால் அந்த ஆண்டின் குஞ்சுகள் அத்தனையும் போயிற்று. இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் வாழும் வெள்ளை நத்தை இன்னும் பொறுமைசாலி. உடலில் உள்ள நீர் 1.4 கிராம், உறங்கும்போது இழப்பது நாளுக்கு அரை மில்லிகிராம். தரை 65 டிகிரியில் கொதிக்கும்போது அது ஓட்டின் மேல்சுருளுக்குள் ஒடுங்கி, கீழே காற்றை மெத்தையாக விட்டுவைக்கும். மேலே 50 டிகிரிதான். 55-ஐ எட்டினால் இறந்துவிடும்.

எல்லையில் நடப்பவை

சஹாராவின் வெள்ளி எறும்பு எல்லாரும் ஒளியும் நேரத்தில் வெளியே வருகிறது. அதைத் தின்னும் பல்லி வெப்பம் தாங்காமல் வளைக்குள் போன பிறகு, தரையருகே காற்று 46 டிகிரியைத் தாண்டும்போது கூட்டம் கூட்டமாகப் புறப்படும். எறும்பின் உடல் 53 டிகிரி சொச்சம் வரைதான் தாங்கும். பல்லிக்கும் சாவுக்கும் நடுவே உள்ள அந்தச் சில டிகிரிகளில் வெயிலில் செத்த பூச்சிகளைத் தேடி எடுத்துத் திரும்பியாக வேண்டும். முக்கோண வெட்டுடைய வெள்ளி மயிர்கள் வெயிலைத் திருப்பியடிக்கும். நீண்ட கால்கள் உடலைத் தரையிலிருந்து சில மில்லிமீட்டர் உயர்த்தும்; அந்த உயரத்திலேயே காற்று பல டிகிரி குளிர்ச்சி. நொடிக்கு 85 சென்டிமீட்டர் வேகத்தில், தன் உடல் நீளத்தைப் போல நூறு மடங்குக்கு மேல் ஓடும். வெப்பத்தால் சிதையும் புரதங்களைத் தாங்கிப்பிடிக்கும் காப்புப் புரதங்களைச் சூடு தாக்கிய பிறகு தயாரிக்க நேரமிருக்காது என்பதால், கூட்டை விட்டு வெளியே வருவதற்கு முன்பே தயாராக வைத்திருக்கும்.

பெரிய காதுகளைப் பற்றியும் ஒரு திருத்தம் தேவை. ஃபென்னெக் நரிக்கும் காட்டு முயலுக்கும் காதுகள் விசிறி போல எப்போதும் குளிர்விக்கும் என்பது பாதி உண்மை. காற்று உடலைவிடச் சூடாக இருக்கும்போது காதுக்குள் ரத்தத்தை விட்டால் வெப்பம் உள்ளேதான் ஏறும். அப்போது ரத்தக் குழாய்கள் சுருங்கிக் காதை அடைத்துவிடும். விடியற்காலை, மாலை, நிழலில் இருந்தபடி குளிர்ந்த வானத்தைப் பார்க்கும் நேரம் ஆகியவற்றில்தான் காது வேலை செய்யும்.

ஓரிக்ஸ் மானின் மூளை விஷயமும் இப்படித்தான். ஆய்வறையில் நீரின்றி வைத்த ஓரிக்ஸின் உடல் 45 டிகிரி வரை ஏறியது. மூக்கில் குளிர்ந்த சிரைரத்தம், மூளைக்குப் போகும் தமனிகளின் வலைப்பின்னலைச் சூழ்ந்து அதைக் குளிர்விப்பதும் தெரிந்தது. மூளையைக் காப்பாற்றும் ஏற்பாடு என்று எழுதிவிட்டார்கள். பின்னர் வெட்டவெளியில் திரியும் விலங்குகளின் உடலுக்குள் வெப்பமானி பொருத்தி அளந்தபோது இன்னொரு விளக்கம் வலுப்பட்டது. வியர்க்கச் சொல்லும் கட்டளை மூளையில் உள்ள வெப்பஉணரியிலிருந்து வருகிறது. அந்த இடத்தை மட்டும் குளிர்வித்துவைத்தால் வியர்வை தள்ளிப்போகும், தண்ணீர் மிஞ்சும். அரேபியாவின் மணல் கசெல் மான் இதற்கும் ஒரு படி மேலே போகிறது. நான்கு மாதம் உணவும் நீரும் குறைக்கப்பட்டபோது அதன் ஈரல் 45 சதவீதமும் இதயம் 20 சதவீதமும் சிறுத்தன. உறுப்பு சிறுத்தால் ஆக்சிஜன் தேவை குறையும், மூச்சு குறையும், மூச்சில் போகும் நீரும் குறையும்.

பறவைகளின் கணக்கு ஏன் முதலில் உடைகிறது

பறவைகளுக்கு ஒரு சலுகை உண்டு: உடல் வெப்பநிலை இயல்பாகவே 40-42 டிகிரி. பாலூட்டிகளைவிடச் சற்றுத் தாமதமாகத்தான் ஆவியாதலுக்குப் போக வேண்டிவரும். பறந்துபோய்க் குடிக்கவும் முடியும். ஆண் கல்கௌதாரி நீர்நிலையில் இறங்கி அடிவயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டு முப்பது கிலோமீட்டர் வரை பறந்து குஞ்சுகளுக்குத் தண்ணீர் கொண்டுவரும். அந்த இறகின் நுண்ணிழைகள் உலர்ந்தபோது சுருண்டும் நனைந்தால் விரிந்தும் நின்று, ஏறத்தாழ 25 மில்லி நீரைப் பிடித்துக்கொள்ளும். குஞ்சுகள் அந்த இறகை அலகால் உருவிக் குடிக்கும்.

ஆனால் பெரும்பாலான பறவைகளுக்கு வளை இல்லை. மொஹாவி பாலைவனத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விலங்கியலாளர் ஜோசஃப் கிரின்னெலும் அவர் குழுவினரும் கணக்கெடுத்த இடங்களில் 61 இடங்களை அண்மையில் மறுபடி ஆராய்ந்தார்கள். ஓர் இடத்தில் காணப்படும் பறவை இனங்களின் எண்ணிக்கை சராசரியாக 43 சதவீதம் குறைந்திருந்தது. தண்ணீரை இரையிலிருந்தே பெற வேண்டிய பறவைகளுக்கு அடி பலம். அதே பாலைவனத்தின் சிறு பாலூட்டிகளோ ஏறக்குறைய பழைய நிலையிலேயே இருந்தன. இரண்டுக்கும் வெப்பம் ஒரே அளவுதான் கூடியிருந்தது. எலிக்கு முப்பது சென்டிமீட்டர் மண் இருக்கிறது. பறவைக்குப் புதரின் நிழல் மட்டும்தான்.

ஆப்பிரிக்காவின் தெற்கிலுள்ள களஹாரியின் மஞ்சள் அலகு இருவாச்சியில் இந்த உடைவை நெருக்கமாகப் பார்க்கலாம். பெண் பறவை மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு அடைகாக்கும். ஒரு சிறு பிளவின் வழியாக அதற்கும் குஞ்சுகளுக்கும் இரை கொண்டுவருவது ஆண். வெயில் ஏறியதும் ஆண் இறக்கைகளை விரித்து அலகைத் திறந்து இரைக்கத் தொடங்கும். இருவாச்சிக்கு அலகுதான் கை. மூச்சிரைக்கத் திறந்து வைத்த அலகால் வெட்டுக்கிளியைக் கவ்வ முடியாது. இரைக்கும் நேரம் கூடக் கூட இரை குறைகிறது. இரை குறைந்தால் இரையோடு வரும் நீரும் குறைகிறது. அடைகாக்கும் காலத்தின் சராசரிப் பகல் உச்ச வெப்பநிலை 35.7 டிகிரியைத் தாண்டிய கூடுகளில் ஒன்றில்கூடக் குஞ்சு பறக்கவில்லை.